சமயம், பண்பாடு, சிறார் இலக்கியம்: ஒரு பருவ விருப்பப்பாடத்தை எப்படி அமைப்பது?

பொருநைக்கரை

வணக்கம். தன்னாட்சிக் கல்லூரித் தமிழ்த்துறையில் இளங்கலை மூன்றாம் ஆண்டுக்குச் 'சமயமும் சிறார் இலக்கியமும்' என்று ஒரு விருப்பப்பாடம் கொண்டுவர இருக்கிறோம். வாரம் 4 மணி, 15 வாரம், ஆக 60 மணி நேரம். ஐந்து அலகுகள். இன்டர்னல் 25, பருவத் தேர்வு 75. பாடத்திட்டக் குழுவுக்கு வரைவு அனுப்பும் வேலை என்னிடம் இருக்கிறது.

இப்போதைக்கு நான் பிரித்திருப்பது இப்படி: முதல் அலகு சைவ, வைணவப் பாடல்களும் கதைகளும், இரண்டாவது பௌத்த, சமணக் கதைகள், மூன்றாவது கிறித்தவம், நான்காவது இஸ்லாம், ஐந்தாவது தற்காலச் சிறார் இலக்கியம். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது. இந்தப் பகுப்பு சரிதானா?

மூலநூல்களாக எவற்றை வைக்கலாம்? மாணவர்கள் புத்தகம் வாங்கும் நிலையில் இல்லை. ஒப்படைப்பு என்றாலே 'இக்கதை உணர்த்தும் நீதி' என்று ஒரே மாதிரி எழுதி வருகிறார்கள். அதை எப்படித் தவிர்ப்பது? பல சமயப் பிள்ளைகளும் எந்தச் சமயத்தையும் ஏற்காதவர்களும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எங்கெங்கே கவனம் வேண்டும்? இத்தகைய தாள்களை நடத்தியவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

ஏட்டுச்சுவடு

வரைவு அனுப்பும் முன்பே கேட்டீர்களே, நல்லது. குழு ஒப்புக்கொண்டு கல்விக்குழுவிலும் நிறைவேறிவிட்டால், அலகுத் தலைப்பை மாற்ற அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டும்.

அலகுக்கு ஒரு சமயம் என்று பிரிக்காதீர்கள். அந்தந்த அலகு வரும்போது அந்தச் சமயத்துப் பிள்ளைகள் வகுப்பின் சாட்சிகளாகிவிடுவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தேர்வில் 'அல்லது' போட்டுக் கேட்பதால் ஒரு சமயத்தை அப்படியே விட்டுவிட்டும் தேறிவிடலாம். இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், கதைகள் சமய எல்லைக்குள் நிற்பதில்லை. ஒரே கதை மூன்று சமயங்களில் நடமாடும்போது அதை எந்த அலகில் வைப்பீர்கள்? ஐந்தாவது அலகைத் 'தற்காலம்' என்று தனியே பிரிப்பதால், சமயம் பழைய காலத்துச் சரக்கு, இன்றைய சிறார் நூலில் அது இல்லை என்ற எண்ணமும் மாணவருக்கு வந்துவிடும். அது உண்மையல்ல.

வடிவத்தை வைத்துப் பிரியுங்கள். பாட்டு, அறவரி, ஊர் ஊராகப் போகும் கதை, பலிக்கதை, அச்சும் படமும் என ஐந்து. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சமயத்து மூலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தாள் முழுவதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: யார், எந்தக் குழந்தைக்காக, எதை மாற்றினார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் 'கதை உணர்த்தும் நீதி' தானாக உதிர்ந்துபோகும். ஒரே பிரதியைக் கையில் கொடுத்தால் மாணவர் நீதியைத்தான் எழுதுவார், வேறு எதை எழுத முடியும்? இரண்டு பிரதி கொடுத்தால் வேறுபாட்டை எழுதியே தீர வேண்டும்.

முதல் அலகில் ஒரு தெளிவு வேண்டும். பிள்ளைத்தமிழ் குழந்தைக்காக எழுதிய இலக்கியம் அல்ல. குழந்தையாகப் பாவித்துப் பெரியவர்கள் பாடியது. தாலாட்டு குழந்தையின் காதில் விழுவதற்காகவே பாடப்படுவது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் மட்டும் எடுத்தால் போதும். சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு வழிகளிலும் நிலவை விளையாட அழைக்கும் அமைப்பு மாணவருக்கு உடனே பிடிபடும். பத்துப் பருவங்களையும் நடத்தப் போனால் அந்த அலகின் 12 மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும். அதோடு பெரியாழ்வாரின் 'மாணிக்கம் கட்டி' பதிகம், வாய்மொழித் தாலாட்டு இரண்டு. நபிகள் நாயகம் மீதும் இயேசு மீதும் பாடப்பட்ட பிள்ளைத்தமிழ் நூல்கள் இருக்கின்றன. அவற்றின் காப்புப் பருவத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்து, 'இங்கே குழந்தையைக் காக்க யார் அழைக்கப்படுகிறார்? மரபான வரிசையில் எது நின்றது, எது போனது?' என்று கேளுங்கள். பொதுவாகத் திருமாலில் தொடங்கும் காப்பு வரிசையை முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அலகுக்கு ஆத்திசூடியைவிடச் சிறந்த பொருள் கிடையாது. ஔவையாருடையது 109 வரி, பாரதியாருடைய புதிய ஆத்திசூடி 110 வரி. முழுவதையும் நடத்தாதீர்கள். தகர வரிசையில் ஐந்து வரி எடுங்கள். ஔவை: தெய்வம் இகழேல், தேசத்தோடு ஒத்துவாழ், தையல் சொல் கேளேல், தொன்மை மறவேல், தோற்பன தொடரேல். பாரதி: தெய்வம் நீ என்றுணர், தேசத்தைக் காத்தல் செய், தையலை உயர்வு செய், தொன்மைக்கு அஞ்சேல், தோல்வியில் கலங்கேல். எழுத்து அதே, வடிவமும் அதே. குழந்தைக்கு இடும் கட்டளை மட்டும் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. பழைய அறத்தின் இடத்திலேயே புதியதை உட்கார வைப்பதற்கு அந்த வடிவத்தின் மனப்பாட வலிமையைப் பாரதி பயன்படுத்திக்கொள்கிறார். ஒரு மணி நேரத்தில் இதை முடிக்கலாம். மாணவர் மறக்க மாட்டார்.

அடுத்து இரண்டின் காப்புச் செய்யுள்கள். ஔவையின் காப்பு ஆத்திசூடிய சிவனோடு தொடர்புள்ள தேவனை ஏத்தித் தொழுகிறது. பாரதியின் காப்பு அதே சிவனில் தொடங்கி, பாற்கடலில் கிடப்பவனைச் சொல்லி, 'மகமது நபிக்கு மறையருள் புரிந்தோன், ஏசுவின் தந்தை' என்று போய், பரம்பொருள் ஒன்றே என்கிறது. பள்ளிப்பிள்ளைக்கான நூலின் வாசலிலேயே இப்படி ஒரு சமயக் கொள்கை நிற்கிறது என்பதைப் பல மாணவர்கள் இங்கேதான் முதலில் கவனிப்பார்கள், ஏனென்றால் காப்பை விட்டுவிட்டு 'அச்சம் தவிர்' என்று தொடங்குவதுதான் வழக்கமாகிவிட்டது. மூன்றாவதாகப் பாரதிதாசன் எழுதிய ஆத்திசூடி. 'அனைவரும் உறவினர், ஆட்சியைப் பொதுமை செய்' என்று தொடங்குவது. தெய்வம் பற்றிய வரி எந்த நூலில் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று மாணவரே அட்டவணை போடட்டும்.

மூன்றாவது அலகில் குரங்கும் முதலையும். பஞ்சதந்திரத்தில் நான்காம் தந்திரத்துக்கே இதுதான் சட்டகக் கதை: நாவல் மரம், பழம் பகிரும் நட்பு, மனைவி கேட்டதால் நட்புக்குத் துரோகம். கைக்கு வந்த பொருளை இழப்பது எப்படி என்ற அரசநீதிதான் அங்கே பொருள். புத்தரின் முற்பிறவிக் கதைகளான பாலி சாதகத் தொகுப்பில் 208ஆம் எண்ணில் வரும் கதையில் அந்த நட்பு இல்லை. முதலை ஆற்றின் அக்கரை மாம்பழத்தைக் காட்டி ஏமாற்றுகிறது, குரங்கு தன் இதயம் அத்தி மரத்தில் தொங்குகிறது என்று சொல்லித் தப்புகிறது. முடிவில் புத்தர், அந்தக் குரங்கு நான்தான், முதலை என்னைப் பகைத்த தேவதத்தன் என்று அடையாளம் காட்டுகிறார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா பஞ்சதந்திரக் கதைகளை அரபியில் தந்த கலீலா வ திம்னாவில் முதலை போய் ஆமை வந்துவிடுகிறது.

சாதகக் கதையின் ஐந்து உறுப்புகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: நிகழ்காலக் கதை, கடந்தகாலக் கதை, பாட்டு, சொற்பொருள் விளக்கம், பிறப்பு அடையாளம். கடைகளில் கிடைக்கும் 'புத்தர் சொன்ன கதைகள்' வகைச் சிறார் நூல் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது உறுப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். முதலும் கடைசியும் போனதும் அது புத்த சமயக் கதையாக இல்லாமல் வெறும் விலங்குக் கதையாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் இந்தத் தாளின் பாதியைக் கற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

---

மூன்றாம்மணி

ஏட்டுச்சுவடு ஐயா சொன்ன பகுப்பு எனக்கும் உடன்பாடே. ஆனால் ஒரு திருத்தம். ஒப்பீட்டுக்கு நேராகக் குதித்தால் வகுப்பு வெறும் ஒற்றுமை தேடுவதில் போய் நிற்கும். 'எல்லாச் சமயமும் ஒன்றே சொல்கிறது' என்ற ஒற்றை வாக்கியத்தை எல்லாக் கேள்விக்கும் விடையாக எழுதுவார்கள். தொடக்கத்தில் 4 மணி நேரம் அடிப்படைக்கு ஒதுக்குங்கள்: எது மறைநூல், எது உரை, எது புராணம், எது வாய்மொழி, ஒவ்வொரு மரபிலும் எதற்கு என்ன அதிகாரம். பெரியபுராணமும் திருக்குர்ஆனும் அவரவர் மரபில் ஒரே இடத்தில் நிற்கும் நூல்கள் அல்ல. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒரு தரப்புக்கு நியாயம் செய்யாமல் போய்விடுவோம்.

பலிக்கதை அலகை ஐயா பெயரோடு விட்டுவிட்டார். அதுதான் இந்தத் தாளிலேயே கனமான அலகு. வகுப்பு கலைவதும் அங்கேதான். ஆகவே அதைப் பத்தாம் வாரத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் அதற்குள் வந்திருக்க வேண்டும்.

மூன்று மூலங்கள் போதும். ஒன்று, சேக்கிழாரின் சிறுத்தொண்டர் புராணத்தில், அடியவர் கேட்டதற்காகச் சிறுத்தொண்டர் தன் மகன் சீராளனைக் கறியாக்கும் பகுதி. இரண்டு, விவிலியத்தில் ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் பகுதி, முதல் நூலின் 22ஆம் அதிகாரம். மூன்று, குர்ஆன் 37ஆம் அத்தியாயம், 99 முதல் 113 வரையான வசனங்கள். நேரம் இருந்தால், தன் இரு குழந்தைகளையும் தானமாகக் கொடுத்துவிடும் வெஸ்ஸந்தர சாதகத்தைச் சேர்க்கலாம். அங்கே உயிர்ப்பலி இல்லை, ஆனால் பெற்றோரின் சமயக் கடமைக்குப் பிள்ளை விலையாவது இருக்கிறது.

'தந்தையின் பக்தி' என்று தலைப்பிட்டு நடத்தினால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். பிள்ளையைப் பாருங்கள். விவிலியத்தில் ஈசாக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: நெருப்பும் விறகும் இருக்கிறதே, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? அதன்பின் அந்தக் காட்சியில் அவன் பேசவே இல்லை. குர்ஆனில் தந்தை தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி அவன் கருத்தைக் கேட்கிறார். உங்களுக்கு இடப்பட்ட கட்டளையைச் செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்று மகன் சம்மதம் சொல்கிறான். சீராளனுக்கு ஐந்து வயது. தாய் தந்தையர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவனும் மகிழ்ந்து சிரிக்கிறான். ஒருவன் கேட்கிறான், ஒருவன் இசைகிறான், ஒருவனுக்கு எதுவும் தெரியாது. முதல் இரண்டில் கத்தி தடுக்கப்படுகிறது. மூன்றாவதில் கறி சமைக்கப்பட்ட பிறகே பிள்ளை ஓடி வருகிறான். இத்தனை வேறுபாடுகள் இருக்கும்போது 'மூன்றும் ஒரே கதை' என்று எழுதுபவருக்கு மதிப்பெண் குறைப்பதில் தவறில்லை.

மூன்றின் சிறார் பதிப்புகளையும் தேடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கதை சுருங்குகிறது, பிள்ளையின் பேச்சு நிற்கிறதா, படம் எந்த நொடியை வரைகிறது, எதைத் தவிர்க்கிறது என்று குறிக்கட்டும். நோவாவின் பேழைக் கதையிலும் இதைச் செய்யலாம். குழந்தைகளுக்கான படங்களில் விலங்குகள் ஜோடி ஜோடியாக ஏறுவது இருக்கும், மூழ்கியவர்கள் இருக்க மாட்டார்கள்.

இனிக் கவனிக்க வேண்டியவை. பெயர்களுக்கு ஒரு தாள் முதல் நாளே கொடுங்கள். ஆபிரகாமும் இப்ராஹீமும், நோவாவும் நூஹும், யோனாவும் யூனுஸும் ஒருவரே என்பது எல்லா மாணவருக்கும் தெரிந்திருக்காது. சீர்திருத்த சபைப் பிள்ளைகள் ஆதியாகமம் என்பதைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் தொடக்கநூல் என்பார்கள், இரண்டையும் எழுதுங்கள். குர்ஆனில் அந்த மகனின் பெயர் அந்த இடத்தில் சொல்லப்படவில்லை. இஸ்மாயீல் என்பதே முஸ்லிம்களிடம் பரவலான கருத்து. வினாத்தாளில் 'குர்ஆனில் இஸ்மாயீலைப் பலியிடும் பகுதி' என்று எழுதாமல் 'இப்ராஹீமின் மகன்' என்று எழுதினால் பிழை வராது.

கையேட்டில் அரபு மூலத்தை அச்சிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் தாள் தரையில் கிடக்கும், அது முஸ்லிம் மாணவரை நோகச் செய்யும். தமிழ்ப் பொருளும் வசன எண்ணும் போதும். சமய முன்னோர்களைப் படமாக வரையச் சொல்லும் ஒப்படைப்பு வேண்டவே வேண்டாம். நபிமார்களை உருவமாக வரைவதைப் பெரும்பாலான முஸ்லிம்கள் ஏற்பதில்லை. சிறாருக்கான இஸ்லாமிய நூல்கள் மனித உருவமின்றி எழுத்தணியாலும் இயற்கைக் காட்சியாலும் எப்படிக் கதை சொல்கின்றன என்பதைப் படிக்க வைப்பது அதைவிடப் பயனுள்ளது.

எந்த மாணவரையும் பார்த்து 'உங்கள் மதத்தில் எப்படி?' என்று கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆசிரியரின் வாக்கியமும் ஒழுங்காக இருக்க வேண்டும்: 'சேக்கிழார் சொல்கிறார்', 'மத்தேயு நற்செய்தியின்படி', 'முஸ்லிம் உரையாசிரியர் பலர் கொள்வது'. நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இந்த வாக்கியங்களில் ஒன்றாக உட்கார முடியும். கதை நடந்ததா என்ற வாதம் எழுந்தால், அது வேறு துறையின் கேள்வி என்று சொல்லி, பிரதி என்ன செய்கிறது என்ற இடத்துக்குத் திருப்புங்கள்.

---

இதழ்ப்பெட்டி

நூல் கிடைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய மூலங்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசம். ஔவை நூல்கள், பெரியபுராணம், திவ்வியப் பிரபந்தம், பாரதி எல்லாம் மதுரைத் திட்டத்தில் எழுத்துருவாகவே உண்டு. தட்டச்சுப் பிழைகள் இருக்கலாம். நகல் கொடுக்கும் முன் அச்சு நூலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பழைய பதிப்புகளின் படிமங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் துண்டு நூல்களும் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும்.

உரிமை விஷயம்: இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். கவிமணி 1954இல் மறைந்தார், ஆகவே தடையில்லை. அழ. வள்ளியப்பா 1989இல்தான் மறைந்தார். அவருடைய நூலை முழுதாகப் படியெடுத்துப் பொதுவில் ஏற்றிவிடக் கூடாது. வகுப்பில் கற்பிப்பதற்காக ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் பல்கலைக்கழக நகல்கடை வழக்கில் இதை விரிவாகவே பொருள் கொண்டது. ஒரு பாடல், ஒரு கதை, வகுப்பு அளவுக்கு நகல் என்ற எல்லையில் நின்றால் கவலை வேண்டாம்.

ஐந்தாவது அலகு பற்றி இரண்டு வார்த்தை. தமிழ் எழுத்துகளில் முதலில் அச்சான நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கம், மனப்பாடம் செய்ய வேண்டிய சமய போதனை. அச்சு, மனப்பாடம், சமயம் மூன்றும் தமிழில் எவ்வளவு முன்னதாக ஒன்றுசேர்ந்தன என்று காட்ட இதன் ஒரு பக்கப் படிமம் போதும். அங்கிருந்து வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதைக்கு வாருங்கள். அவர் 1747இல் மறைந்தார். கதை 1822இல் லண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். இயேசு சபைத் துறவி ஒருவர் மடத்துக் குருவையும் சீடர்களையும் வைத்து எழுதிய நகைச்சுவை இன்று எந்தச் சமயச் சாயலும் தெரியாத சிறுவர் கதையாகப் படிக்கப்படுகிறது. ஆசிரியர் பெயரே இல்லாத சிறுவர் பதிப்புகளும் உண்டு. அப்படி ஒரு பதிப்பைக் கொடுத்து, அடுத்த வகுப்பில் எழுதியவர் யார் என்று சொல்லி மறுபடி படிக்கச் செய்தால், ஒரே பிரதியை இரண்டு விதமாக வாசிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கே தெரியும்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. அமர் சித்திரக் கதை 1967இல். இவற்றில் கதையைவிடப் படத்துக்கு நேரம் கொடுங்கள். தேவர், அசுரர், முனிவர், வேடர் ஆகியோருக்கு என்ன நிறம், என்ன உடல்வாகு, முகம் நேராகவா பக்கவாட்டிலா, யார் பக்கத்தின் மேலே நிற்கிறார், யார் கீழே? ஒரு படத்துக்கு இந்தக் கேள்விகளோடு 20 நிமிடம் போதுமானது. பண்பாடு, சாதி, அழகு பற்றிய முடிவுகள் கதையின் வரிகளில் இல்லாமல் படத்தில் எப்படி நுழைகின்றன என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். சாதகத்தையும் விக்கிரமாதித்தனையும் அம்புலிமாமா ஓவியர் சங்கரின் கோடுகள் வழியாகவே ஒரு தலைமுறை கண்டது என்பதால், படத்தை வெறும் அலங்காரமாக எண்ணிவிடக் கூடாது.

பாரதியின் பாப்பா பாட்டை விட்டுவிடாதீர்கள். முழுப் பாட்டையும் கொடுத்து, பள்ளி விழாவில் பாடப்படும் பதிவு ஏதாவது ஒன்றை ஒலிக்கச் செய்து, எந்தெந்தக் கண்ணிகள் விடுபட்டிருக்கின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். 'சாதிகள் இல்லையடி பாப்பா' எல்லோருக்கும் தெரியும். நாட்டைத் தெய்வமென்று கும்பிடச் சொல்லும் கண்ணியும், 'அன்பு மிகுந்த தெய்வமுண்டு' என்னும் கண்ணியும் எங்கே பாடப்படுகின்றன, எங்கே விடப்படுகின்றன? எதை விட்டார்கள் என்பதிலிருந்து விட்டவர் எண்ணத்தைப் படிக்கலாம். ஆனால் ஒரே பதிவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, குறைந்தது மூன்று வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

பொருநைக்கரை

மிக்க நன்றி. அலகுகளை முழுவதும் மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. வினாத்தாளை வெளியிலிருந்து ஒருவர்தான் எடுப்பார். அவர் பழைய பாணியில் 'விளக்குக' என்று கேட்டுவிட்டால் இந்த முயற்சியெல்லாம் வீண்தானே? இன்டர்னல் 25ஐ எப்படிப் பிரிப்பது? தாலாட்டு சேகரிக்கும் களப்பணி ஒன்றை வைக்க ஆசை.

---

விடைத்தாள்கட்டு

வினாத்தாள் எடுப்பவருக்குப் பாடத்திட்டம் மட்டும்தான் போகும். ஆகவே பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: 'பகுதி இ-யில் ஒரு வினா, கொடுக்கப்பட்ட இரு பகுதிகளை ஒப்பிடுவதாக அமைய வேண்டும்.' மாதிரி வினாத்தாள் ஒன்றையும் இணைப்பாக வையுங்கள். குழுவில் அதுவும் சேர்ந்து நிறைவேறினால் யார் எடுத்தாலும் அதைத்தான் பின்பற்றுவார்கள். உங்கள் கல்லூரியில் 10×2, 5×5, 3×10 என்ற வழக்கமான 75 என்றால், இரண்டு மதிப்பெண் பகுதியில் நூல், ஆசிரியர், வடிவம், பருவப் பெயர் ஆகியவற்றைக் கேட்கலாம். அங்கே மனப்பாடம் இருக்கட்டும், தவறில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வரியையோ ஒரு காப்பையோ கொடுத்து, 'இது எந்தச் சிறாரை முன்னிறுத்துகிறது?' என்று கேட்கலாம். பத்து மதிப்பெண்ணில் ஒப்பீடு.

மாதிரி ஒன்று: தகர வரிசை வரிகளைத் தாளிலேயே அச்சிட்டு, 'இரு நூல்களும் குழந்தையிடம் எதிர்பார்க்கும் ஒழுக்கம் எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை? மூன்று வரிகளைக் கொண்டு எழுதுக.' வரிகள் தாளில் இருப்பதால் மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை. 'மாறவில்லை' என்ற பாதிக் கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லையென்றால் எல்லோரும் ஔவை பழமை, பாரதி புதுமை என்று எழுதிவிட்டுப் போவார்கள். 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்பதும் ஔவை பெயரிலுள்ள நல்வழியில்தான் வருகிறது என்பதை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆசிரியர் பெயர் ஒன்றாக இருந்தாலும் நூல்களின் குரல் ஒன்றல்ல.

இன்டர்னல் 25ல் இரண்டு தேர்வுக்கு 10, ஒப்பீட்டு ஒப்படைப்புக்கு 8, களப்பணிக்கு 7 என்று வைக்கலாம். வருகைப்பதிவுக்கு மதிப்பெண் கொடுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் தேர்விலிருந்து குறையுங்கள், ஒப்படைப்பிலிருந்து குறைக்காதீர்கள். ஒப்படைப்பின் 8ஐ இப்படிப் பகிருங்கள்: இரு பிரதிகளின் பதிப்பு விவரம் முழுமையாக இருப்பதற்கு 2, வேறுபாட்டு அட்டவணைக்கு 3, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் கூறி இரண்டு பக்கம் எழுதுவதற்கு 3. பதிப்பு விவரத்துக்கு மதிப்பெண் வைப்பது முக்கியம். இணையத்தில் கிடைத்த பெயரில்லாச் சுருக்கத்தை வைத்து எழுதுவது அதனால்தான் நிற்கும். நூலின் தலைப்புப் பக்கத்தை நிழற்படம் எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் எழுதித் தரும் கட்டுரையும் அங்கேயே பிடிபடும்.

களப்பணிக்கு வருவோம். 'ஒரு தாலாட்டுப் பாடுங்க' என்று கேட்டால் சினிமாப் பாட்டுத்தான் வரும், அல்லது வெட்கப்பட்டு மறுத்துவிடுவார்கள். குழந்தையைத் தூங்க வைக்கும் வேளையில், வீட்டுக்குத் தெரிந்தவராகப் போய், 'மாமன் சீர் வர்ற மாதிரி பாடுவாங்களே, அத்தை அடிச்சாளோன்னு ஒண்ணு உண்டே' என்று உறவுப் பெயரை எடுத்துக் கொடுத்தால் வரி வரியாக வந்து விழும். பாடுபவரிடம் ஒலிப்பதிவுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், எழுத்திலோ பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகவோ. அறிக்கையில் அவர் பெயர் வேண்டாம். வயது, வட்டம், தொழில் போதும். ஒரு மாணவருக்கு மூன்று பாட்டு, மொத்தம் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடப் பதிவை ஒழுங்காக எழுத்தாக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதைத் தெரியாமல் அதிகம் சேகரித்தவர்கள் கடைசி வாரத்தில் திணறுவார்கள்.

எழுத்தாக்கும்போது பேச்சு வழக்கைத் திருத்தக் கூடாது. 'அழுதே' என்று பாடியதை 'அழுதாய்' என்று எழுதினால் தரவு கெட்டுவிடும். பிறகு தெய்வப் பெயர், ஊர், உறவு, பண்டம் என்று நான்கு நிறத்தில் அடிக்கோடு. முருகன், மாரி, மாதா, அல்லாஹ் என்று வரும் இடத்தில் மட்டும் சமயம் இருக்கிறது என்று எண்ணிவிடாமல், வெள்ளிக் கிண்ணியும் யானை மேல் வரும் மாமனும் கூட என்ன உலகைக் குழந்தைக்குக் கட்டுகின்றன என்று எழுதட்டும். சமயத்தை மட்டும் தேடி அனுப்பினால், அது வராத பாட்டைப் பிள்ளைகள் பதியாமலே திரும்பிவிடுவார்கள். தெய்வம் வராத பாட்டையும் கொண்டுவரச் சொல்லி, வராததற்குக் காரணம் கேளுங்கள்.

---

ஏட்டுச்சுவடு

மூன்றாம்மணி சொன்ன 4 மணி நேர அடிப்படையை ஏற்கிறேன். அதற்கு இடம் வேண்டுமென்றால் மூன்றாவது அலகில் அரபு வடிவத்தை வகுப்பில் நடத்தாமல் ஒப்படைப்புக்குத் தள்ளிவிடலாம். மணிக்கணக்கு இப்படி வரும்: அடிப்படை 4, பாட்டு 12, அறவரி 9, ஊர் ஊராகப் போகும் கதை 9, பலிக்கதை 10, அச்சும் படமும் 10, தேர்வும் களப்பணிப் பகிர்வும் 6. அடிப்படையைத் தனி அலகாகக் காட்ட முடியாது, ஐந்துக்கு மேல் குழு ஏற்காது; முதல் அலகின் முதல் வரியாகச் 'சமய நூல் வகைகள்: மறை, உரை, புராணம், வாய்மொழி' என்று சேர்த்துவிடுங்கள்.

---

பொருநைக்கரை

அப்படியே சேர்க்கிறேன். வரைவுடன் மாதிரி வினாத்தாளும் பெயர் ஒப்புத்தாளும் இணைத்து அனுப்புகிறேன். பெயர் ஒப்புத்தாள் தயாரானதும் இங்கே போடுகிறேன். விவிலியப் பெயர்களில் இரு சபை வழக்குகளையும் யாராவது சரிபார்த்துத் தந்தால் நன்றியுடையவனாவேன்.